ஏழாம் படுக்கையில் ஆக்‌ஷன் நைனா

உலகத்திலேயே அதிகத் தடவை செத்துப்போன மனிதரை எனக்குத் தெரியும். வாளால் செத்திருக்கிறார், துப்பாக்கியால் செத்திருக்கிறார், கப்பல் கவிழ்ந்து கரை ஒதுங்கியிருக்கிறார். ஒருமுறை மாமல்லபுரம் கடற்கரையில் காலையில் ராஜா காலத்துப் போர்வீரனாகச் செத்து, மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் அதே மணலில் கடத்தல்காரனாகவும் செத்தார். இரண்டு சாவுக்கும் நடுவே சட்டை மட்டும்தான் மாறியது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அவருடைய நிஜப் பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்திருக்கும். எங்களில் யாரும் அதைப் படித்ததில்லை. எங்களுக்கு அவர் ஆக்‌ஷன் நைனா. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரர். பாறையில் வலை சிக்கினால் கடலில் குதித்து எடுத்துவரும் ஆள் என்பதால் மூச்சை அடக்குவதில் கெட்டிக்காரர். சினிமாக்காரர்களுக்கு வேண்டியதும் அதுதானே. பிணத்தின் நெஞ்சு ஏறி இறங்கினால் காட்சி கெட்டுப்போகும். நைனா படுத்தால் காக்கா வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகும்.

பிறகு ஷூட்டிங் குறைந்தது, சர்க்கரை கூடியது. செங்கல்பட்டுப் பக்கம் நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க வந்தார். வந்தவர் எங்கள் தேர்வு நோயாளி ஆகிவிட்டார்.

நர்சிங் செய்முறைத் தேர்வில் பாதி வேலை பொம்மையிடம், மீதி மனிதரிடம். நிஜமாகவே முடியாமல் கிடப்பவரை நாள் முழுக்கப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் மாத்திரை வாங்க வருகிறவர்களில் நாலு பேரைக் கேட்டுப் படுக்க வைப்பார்கள். யாருக்கு எந்தப் படுக்கை என்று மாணவிகள் சீட்டு எடுக்க வேண்டும். மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்காகப் படுத்தார்கள். நைனா கலைக்காகப் படுத்தார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் அவர் காதோரம் குனிந்து 'ஆக்‌ஷன்' என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை அவருக்கு எந்த நோயும் கிடையாது. சொன்ன நொடியே நோய் வந்துவிடும். 'கட்' என்றால் போய்விடும். பாதி இருமலை அப்படியே விழுங்கிவிட்டு, "இன்னா, டீ வந்துச்சா?" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒரு நாள் பயிற்சியின்போது எங்கள் டியூட்டர் மேடம் அவருக்குக் குடல்வால் வலி கொடுத்தார். நைனா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, காலை உதைத்து அலறிய அலறலில் கீழே இருந்து வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

"நைனா, இது பிரசவ வலி" என்றார் மேடம்.

"எங்க வூட்ல அது நாலு பெத்துச்சு, அதப் பாத்துதான் கத்துக்கினேன். நல்லா வந்துகினு கீது மேடம், கெடுக்காதீங்க."

இவ்வளவு சிரித்தோமே, அந்தச் சிரிப்பெல்லாம் என் கடைசி வருடத் தேர்வன்று வட்டியும் முதலுமாக என் தலையில் விழுந்தது. எனக்குச் சீட்டில் வந்தது நைனா. கொடுத்த வேலையோ சுலபம். காய்ச்சல் நோயாளிக்கு டெம்பரேச்சர் எடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட வேண்டும். நான் 'ஆக்‌ஷன்' சொன்னேன். நைனா வெடவெடவென்று நடுங்கினார், பினாத்தினார், எல்லாம் அழகாகத்தான் போனது. திடீரென்று தலையை ஒரு பக்கம் சாய்த்தார். நெஞ்சு நின்றது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

கடலோரத்துப் பழக்கம். காட்சி உச்சத்துக்குப் போனதும் ஆள் தானாகச் செத்துவிட்டார்.

எனக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்? "ஐயோ, நைனா போயிட்டாரு" என்று கத்தியதும், ட்ரே கீழே விழுந்ததும், வார்டைவிட்டு வெளியே ஓடியதும் ஒன்றாக நடந்தன. ஆபத்தில் நோயாளியை விட்டு ஓடிய மாணவியை எந்த எக்ஸாமினர் தேற வைப்பார்? பெயில்.

மறுநாள் நைனா ஹாஸ்டல் கேட்டில் ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாட்டோடு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் சாவக்கூடாதுதான் சிஸ்டர். தெரியாம செத்துட்டேன். நீ ஒரு 'கட்' சொல்லியிருந்தா எய்ந்து குந்தியிருப்பேனே."

எனக்குக் கோபம் தீரவில்லை. கருவாட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தேர்வில் தேறினால்தான் நர்சிங் கவுன்சிலில் பதிவு. பதிவு எண் இருந்தால்தான் தனியாக ஊசியைத் தொடலாம். கேளம்பாக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த தேர்வுவரை இடத்தை வைத்திருப்போம், அதற்கு மேல் முடியாது என்றார்கள். அப்பாவுக்கு அதுவரைகூடப் பொறுமை இல்லை. மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. அங்கே பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு நீலச் சட்டையைக் கையோடு கொண்டுவந்தார்.

"சும்மா அளவு பாரு பாப்பா. இந்தத் தபாவும் போச்சுன்னா எங்கூடயே கம்பெனி பஸ்ல ஏறிக்கலாம்."

அந்தச் சட்டை எனக்குக் கச்சிதமாக இருந்தது. அதுதான் வினை. ஹாஸ்டலைக் காலி செய்து வந்திருந்த என்னை வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டு தினமும் பார்த்தது. அந்தக் கம்பெனி வேலை கேவலமில்லை. அப்பாவின் அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். ஆனால் எனக்கு நர்ஸாக வேண்டும். பத்து வயதிலிருந்து வேறெதுவும் வேண்டியதில்லை.

அடுத்த தேர்வுக்குத் தயாரான மாதங்களில் என் கை நடுங்க ஆரம்பித்தது. ட்ரேயைத் தூக்கினால் உள்ளே இருக்கும் கிண்ணமெல்லாம் பேசும். நைனா ஒவ்வொரு பயிற்சிக்கும் பஸ் பிடித்து வந்து எனக்காகப் படுத்தார். "குத்து சிஸ்டர், இன்னா ஆயிடப்போது" என்று கையை நீட்டுவார். குத்தினால் மட்டும் தெருமுனைவரை கேட்கும்படி கத்துவார். நான் ஒருவேளை நிஜமாகவே நர்ஸாகிவிட்டால் என்று அவருக்கு உபதேசம் செய்து பழகினேன். மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடக்கூடாது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்றெல்லாம் அடித்துச் சொன்னேன். பள்ளிப் பிள்ளைபோலத் தலையாட்டினார்.

தேர்வு நாள். சீட்டைப் பிரித்தேன். ஏழாம் படுக்கை. ஏழாம் படுக்கையில் யார் என்று எட்டிப் பார்த்த என் தோழி கலா, திரும்பி வந்து என் தோளைத் தட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது. சனியன் சடை பிடித்து ஆட்டுகிறது என்பார்களே, அது.

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் மேடம் சிரிப்பு என்ற ஒன்று கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே பிறந்தவர். வாட்சை உள்மணிக்கட்டில் கட்டியிருந்தார். எங்கள் டியூட்டர் அவரிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

"இவரைப் பத்தி எனக்குத் தெரியும். செத்த மாதிரி நடிப்பாராமே. போன தடவை நீங்க ஓடிட்டீங்களாம். இந்தத் தடவை பேஷண்ட் என்ன பண்ணாலும் ப்ரொசீஜரை விடக்கூடாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

மூச்சுத்திணறல் நோயாளி. நிமிர்த்தி உட்கார வைத்து, நாடி பார்த்து, ஆக்ஸிஜன் மாஸ்க் போட வேண்டும். குனிந்து தலையணையைச் சரிசெய்தேன். நைனாவின் கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. "சும்மா நடுங்காத. இன்னிக்கி நான் நல்லாப் பண்றேன்" என்று முணுமுணுத்தார். நான் 'ஆக்‌ஷன்' சொன்னேன்.

மூச்சு வாங்கினார். நெஞ்சைப் பிடித்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் நாடியைப் பிடித்து, வாட்சைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். எண்ணும்போதே அவர் அமைதியாகிவிட்டார்.

நைனா அமைதியாக இருந்து நான் பார்த்ததே கிடையாது. பிணமாக இருக்கும்போதுகூட ஒரு கண்ணை மெல்லத் திறந்து, எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்ப்பார். இப்போது தலை சாய்ந்திருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி முழுவேகத்தில் ஓடியும், என் கைக்குள் இருந்த அவர் மணிக்கட்டு ஈரமாக, சில்லென்று இருந்தது.

"மாஸ்க்" என்றார் எக்ஸாமினர்.

மாஸ்க்கைக் கையில் எடுத்தேன். போட்டுவிட்டால் முடிந்தது. தேறிவிடலாம். நீலச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"நைனா, கட்" என்றேன்.

அவர் அசையவில்லை.

"நைனா, கட்." இந்தத் தடவை வார்டுக்கே கேட்டது.

"என்ன சொன்னீங்க?" என்றார் எக்ஸாமினர்.

"கட் சொன்னேன் மேடம்."

"எதுக்கு?"

"சொன்னா எழுந்துடுவாரு மேடம். எழல."

அவர் பதில் சொல்வதற்குள் நான் மாஸ்க்கைக் கட்டிலில் போட்டுவிட்டு, பக்கத்து ட்ரேயிலிருந்த சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்தேன். விரலில் குத்தினேன். தெருமுனைவரை கத்துகிற மனிதர் முகம்கூடச் சுளிக்கவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. மெஷினில் நாற்பத்திரண்டு என்று காட்டியது. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

எக்ஸாமினர் அந்த எண்ணைப் பார்த்தார். கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, "டாக்டரைக் கூப்பிடுங்க, குளுக்கோஸ் எடுங்க" என்று டியூட்டரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "வெய்ன் நான் பாக்கட்டுமா, நீங்க பாக்கறீங்களா?"

"நான் பாக்கறேன் மேடம்."

என் கை நடுங்கியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் கையை எக்ஸாமினர் பிடித்துக்கொண்டார். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. அதற்குள் ஓடி வந்திருந்த டாக்டர் குளுக்கோஸை ஏற்றினார். நாங்கள் எல்லோரும் நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் வாழ்நாளில் அவரை இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை. பாவம், அவருக்கு அது தெரியவில்லை.

கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"இன்னா, டேக் ஓகேவா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "காலையில என்ன சாப்ட்ட நைனா?"

"ஒண்ணும் துன்னல. நேத்து ராத்திரியும் துன்னல. நோயாளின்னா கன்னம் ஒட்டிக் கீணும்ல. போன தபா என்னாலதான உனுக்கு பேஜாராச்சு."

"மாத்திரை?"

"போட்டுக்கினேன். மாத்திர தவறக்கூடாதுன்னு நீதான சொன்ன."

என் உபதேசத்தில் முதல் பாதி அவருக்கு வேதவாக்கு. இரண்டாம் பாதியைக் கலைக்காகத் தியாகம் செய்துவிட்டார். வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை சர்க்கரையை அடியோடு இறக்கிவிட்டது. எனக்கு நல்லது செய்வதற்காக, இத்தனை வருடம் பொய்யாகச் செத்தவர் அன்றைக்கு நிஜமாகவே கிளம்பிப் போயிருப்பார்.

எக்ஸாமினர் வாட்சைப் பார்த்தார். "உங்க நேரம் முடிஞ்சுது" என்றார்.

கட்டில்மேல் மாஸ்க் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன், நைனாவும் பார்த்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கையில் ஊசியோடு எழுந்து உட்காரப் பார்த்தார்.

"மேடம், இந்தப் பொண்ணுக்கு இன்னொரு டேக் குடுங்க மேடம். அது மேல தப்பு இல்ல. நான் நாஸ்தா துன்னுட்டு வந்து ஒயுங்கா மூச்சு திணறுறேன்."

"படுங்க" என்றார் எக்ஸாமினர். கீழே கிடந்த கைப்பையை எடுத்துத் தூசி தட்டினார். என்னை ஒருமுறை பார்த்தார். "இன்னொரு டேக் வேணாம். இதுவே போதும்."

சொல்லிவிட்டு எட்டாம் படுக்கைக்குப் போய்விட்டார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை. கலாதான் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நீலச் சட்டையை அப்பாவே கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குப் பதிவு எண் வந்து, கேளம்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. செங்கல்பட்டில் மாத்திரை சும்மாவே கிடைக்க, நைனா மாதா மாதம் இரண்டு பஸ் மாறி என்னிடம்தான் வருகிறார். வந்ததும் அவரை கேண்டீனில் உட்கார வைத்து, கடைசி இட்லி உள்ளே போகும்வரை எதிரிலேயே நிற்பேன். பிறகுதான் ரத்தம் எடுப்பது. கையை நீட்டிக்கொண்டு, "சொல்லு சிஸ்டர்" என்பார். குனிந்து அவர் காதில் 'ஆக்‌ஷன்' என்பேன். கேளம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுவரை கேட்கிற மாதிரி அலறுவார். புதிதாகச் சேர்ந்த பெண்கள் பதறிப்போய் என்னைப் பார்ப்பார்கள்.

'கட்' மட்டும் நான் சொல்வதில்லை. அன்றைக்கு ஏழாம் படுக்கையில் சொன்னதோடு சரி. கத்தட்டும். நைனா கத்துகிறவரைக்கும் எனக்கு நிம்மதி.