நாலில் ஒன்று மிஸ்ஸிங்

அன்புத் தம்பி இளஞ்செழியனுக்கு,

அக்கா கீதாஞ்சலி எழுதுவது. நானும் உன் மாமாவும் என் மாமியாரும் நலம். நீ எங்களிடம் விட்டுப்போன கார்தான் நலமில்லை. பௌர்ணமிக்கு வரும்போது அதை ஓசூருக்கே ஓட்டிக்கொண்டு போய்விடு. 'சிலிண்டர்' என்ற சொல்லை இந்த வீட்டில் இனி போனில் உச்சரிக்க முடியாது. அதனால்தான் கடிதம்.

சாவி கொடுத்த அன்று பாடம் எடுத்தாயே, "ஒரு லிட்டர் எஞ்சின்தான்க்கா, ஆனா நாலு சிலிண்டர். இப்ப வர்றதெல்லாம் மூணு. இந்த மாடல்லயே கேஸ்ல ஓடுற வண்டியும் இருந்துச்சு"ன்னு, அதில் பாதிதான் நான் கேட்டேன். மீதியை அத்தை கேட்டிருக்கிறார். போன வாரம் ஆபீசுக்குப் போகும்போது வேங்கிக்கால் ரோட்டில் வண்டி உடுக்கை மாதிரி உதறியது. மெக்கானிக் கண்ணாயிரம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நாலுல ஒண்ணு மிஸ்ஸிங் அடிக்குதுக்கா" என்றார். ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் திக்குகிறது என்று அர்த்தமாம். உன் மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார், அத்தை எடுத்தார். "நாலு சிலிண்டர்ல ஒண்ணு மிஸ்ஸிங்காம், அவர்கிட்ட சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வந்தால் சமையலறை சிலிண்டர் இரண்டும் கூடத்தில் நிற்கின்றன. "ரெண்டு இங்க இருக்குது. ஒண்ணு காணாமப் போச்சு, சரி. மிச்சம் ஒண்ணு எங்க? கீழ்பென்னாத்தூருக்கா?" என்கிறார் அத்தை. நம் அம்மா வீட்டுக்கு நான் கடத்திவிட்டேனாம்! இத்தனை வருஷத்தில் ஒரு டம்ளர்கூட அங்கே போனதில்லை தம்பி. பழிதான் வந்தாச்சே, ஒரு சிலிண்டரையாவது அனுப்பியிருக்கலாமே என்று தோன்றியதுதான் எனக்கே பயமாக இருந்தது. அதற்குள் எதிர்வீட்டு திரௌபதி வந்து, "அக்கா, ஜாஸ்தியா இருந்தா எங்களுக்கு ஒண்ணு குடுங்களேன், காலியாயிடுச்சு" என்கிறாள். உன் மாமா பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, "நாலும் இங்கதாம்மா இருக்குது" என்றார். அத்தை குனிந்து பார்த்தார். "எங்கடா? ஒண்ணுகூட இல்லியே. நாலையும் தூக்கிட்டானுங்களா!"

கண்ணாயிரம் ஒரு பிளக் மாற்றினார், எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் உன் மாமா, "இந்தத் தொல்லையே வேணாம், உன் தம்பிய எடுத்துட்டுப் போகச் சொல்லு. புதுசா மூணு சிலிண்டர் வண்டி வாங்கி நானே உன்னை ஆபீஸ்ல விட்டுடுறேன்" என்கிறார். என்னை யாரும் எதுவும் கேட்காத அரைமணி நேரம் அந்த வண்டிக்குள்தான் இருந்தது. என்ன செய்ய, போகட்டும்.

அருணாதேவிக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். மேட்டிலும் பள்ளத்திலும் மிஸ்ஸிங் இல்லாமல் அண்ணாமலையார் உங்களை ஓட்டட்டும்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: சாமி கும்பிட வா. காருக்கு வராதே. கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் உன் மாமா புது வண்டிப் பேச்சை எடுக்க, அத்தை பிடித்துக்கொண்டார்: "மூணு சிலிண்டர்னா என்னடா அர்த்தம்? ஒண்ணு காணாமப்போன வண்டிய உன் தலையில கட்றான். நாலு இருக்கறத குடுத்துட்டு எவனாவது மூணு வாங்குவானா?" உன் மாமா புது வண்டிப் பேச்சையே விட்டுவிட்டார். இப்போது அத்தை வாசலில் திரௌபதியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "எங்க ஊட்ல மொத்தம் ஆறு சிலிண்டர்டி. அதுல நாலை என் மருமவ ஒருத்தியே ஓட்டுறா."