காலையில் விழுந்தது, சாயங்காலம் எடுக்கப்படும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இடுப்பைத் தவிர நான் நலம். முழங்காலைத் தவிர நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

விஷயம் இதுதான். உன் தம்பி மனைவிக்கு ரத்தப் பரிசோதனை லேபில் தலைமைப் பொறுப்பு தருகிறார்கள். அதற்கு முன்னால் மூன்று மாதம் வெளியூரில் பயிற்சி. போகமாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால் என் இடுப்பைப் பார்க்கிறாள். நீ சொன்னால் கேட்பாள். நான் தனியாகவே சமாளிப்பேன் என்று எடுத்துச் சொல். ஆதாரம் தருகிறேன்.

டாக்டர்தான் சொல்லிவிட்டாரே, இது சுளுக்கு இல்லை, முதுகெலும்பின் அடியில் வீக்கம், முழுசாகப் போகாது, படுத்தால் இறுகும், நடந்தால் இளகும் என்று. அதனால் எழுந்ததும் ஒரு மணி நேரம் நான் பீரோ மாதிரி, திரும்பினால் மொத்தமாகத்தான் திரும்பவேண்டும். சாயங்காலம் ஓட்டப்பந்தயத்துக்கே கூப்பிடலாம். ஆகவே காலையில் சீப்பு, சாவி, மாத்திரை எது விழுந்தாலும் அங்கேயே கிடக்கும், சாயங்காலம் இடுப்பு மனசு வைத்ததும் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பொறுக்கிவிடுவேன். போன வாரம் மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது, அவளும் வேலைக்குப் போய்விட்டாள், கண் தெரியாமல் மாடிக் கொடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விட்டேன், நல்ல மனுஷன், சாயங்காலம்வரை பொறுத்துக்கொண்டார். நூலகத்திலும் இதே முறைதான். வரலாறு கீழ்த்தட்டில் இருக்கு, காலையில யாராவது கேட்டா "சாயங்காலம் வாங்க சார்"னு சொல்லிடுவேன். ஒருத்தர் மட்டும், "காலையில வரலாறே கிடையாதா?"ன்னு சத்தம் போட்டார். கவிதைப் புத்தகம் கொடுத்து அனுப்பிட்டேன், அது மேல்தட்டு.

சாக்ஸ் மட்டும் அவள்தான் மாட்டிவிடுகிறாள். மூணு மாசம் செருப்புப் போட்டா போச்சு. உண்மையைச் சொல்றேன் அக்கா, அவ குனிஞ்சு சாக்ஸ் மாட்டும்போது அந்த உச்சந்தலையைப் பாக்கலேன்னா எனக்குப் பொழுது விடிஞ்ச மாதிரியே இருக்காது. அதுக்காக அவ பதவியை விடறதா? என் இடுப்பு அவள் கால்களைக் கட்டிப்போடக் கூடாது.

அவள் கண்ணில் படாமல் இதை நானே தபாலில் சேர்க்கிறேன். பிள்ளைகளுக்கு ஆசிகள், அத்தானுக்கு வணக்கம், உன் முழங்காலுக்கு என் இடுப்பின் அன்பு.

இப்படிக்கு,
தம்பி

பின்குறிப்பு: அண்ணி, இது நான், உங்க தம்பி பொண்டாட்டி. இன்னிக்குக் காலையில உறையை ஒட்டப் போனவர் கடிதத்தைக் கட்டில் ஓரமா கீழ போட்டுட்டார். எடுக்கவும் முடியாம, என்னை எடுக்கச் சொல்லவும் முடியாம அரைமணி நேரம் அதுக்குக் காவல் நின்னார். நானே எடுத்துப் படிச்சுட்டேன். அவர் இடுப்புக்காகத்தான் போகலைன்னு நினைச்சிருக்கார், பாவம். பயிற்சி முடிவுல பரீட்சை இருக்கு அண்ணி. நாப்பத்தாறு வயசுல ஃபெயிலாயிட்டா லேப்ல யார் முகத்துல முழிக்கிறது? அந்தப் பயத்துலதான் கேட்டவங்ககிட்ட எல்லாம் அவர் இடுப்பைக் காட்டித் தப்பிச்சுக்கிட்டிருந்தேன். இவ்வளவு ஆதாரம் எழுதின பிறகு அதுக்கும் வழியில்லை. திங்கட்கிழமை கிளம்பறேன். சொன்னதுலேர்ந்து "நிஜமாவே போறியா?"ன்னு கேட்டுக்கிட்டு வீடு பூரா என் பின்னாலயே நடக்கிறார். நடந்தா இடுப்புக்கு நல்லதுதானேன்னு இன்னும் பதில் சொல்லலை.