பாட்னருக்கு மேல் இருநூறு

“…இருநூறு. பாட்னர் கேட்டதுக்கு மேல இருநூறு” என்று ஏல நானா சொன்னபோது என் காது வரை சுட்டது.

சீட்டாட்டத்தில் எதிராளியை மீறிக் கேட்கிற ஆட்கள் எந்த ஊரிலும் உண்டு. சொந்தக் கூட்டாளியை மீறிக் கேட்கிற மனிதரைக் கல்பிட்டிக் கரையிலும் காண முடியாது, கடலுக்குள்ளும் காண முடியாது. எனக்கு வாய்த்தவரைத் தவிர.

மீன் ஏலம் கூறுவது நானாவின் தொழில். எந்த எண்ணும் கீழே கிடந்து உறங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பஸ்ஸில் கொண்டக்டர், “பின்னுக்குப் போங்க, இன்னும் நாலு பேர் நிக்கலாம்” என்றால், “ஆறு” என்பார். சனம் அவரைத் திட்டும். ஒருநாள் கிளினிக்கில் தாதி, “நானா, பிரஷர் நூத்தி அறுவது” என்றதும் இவர் வாய் தானாக, “நூத்தி எழுவது” என்றுவிட்டது. அவள் பயந்துபோய் மறுபடி அளந்தாள். நூற்றெழுபதேதான் காட்டியது.

“பாத்தீங்களா மகள், கேட்டாக் கெடைக்கும்.”

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து, வலை குவித்திருக்கும் வாடிக் கொட்டிலுக்குள் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவோம். நானும் நானாவும் ஒரு பக்கம். சிலாபத்து ஐஸ் லொறிக்காரரும் அவர் தம்பியும் மறுபக்கம். காசு கிடையாது, மானம் மட்டும் உண்டு. பாதிச் சீட்டைப் பார்த்ததுமே, இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும். எந்தச் சீட்டு துரும்பு, மற்றதையெல்லாம் வெட்டும் சீட்டு, என்று வைக்கும் உரிமை கூடக் கேட்டவருக்கு. சொன்னதை எடுக்காவிட்டால், அப்படிக் கூடக் கேட்டவர் மட்டும் காதில் ஒரு சீட்டைச் செருகிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய் எல்லாருக்கும் பிளேன்ரீ வாங்கிவர வேண்டும். மறுத்தால் லொறிக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார்.

நான் நூற்றெழுபது கேட்டால் நானா இருநூறு கேட்பார்.

“எங்களுக்கு இங்க வேல இல்ல” என்பார் லொறிக்காரர். “நீங்க ரெண்டு பேருமே அடிச்சிக்கோங்க.”

நான் தலையைக் குனிந்துகொள்வேன். கூட்டாளியே நம்பாத கையோடு உட்கார்ந்திருப்பது, சொந்த மகன் பின்னால் நின்று தொழ மறுத்த இமாமின் நிலை. நானாவோ தோற்றுவிட்டு, காதில் சீட்டோடு, “கெழட்டுச் சுறா ஒண்டு, பல்லு இல்ல, கேக்க ஆள் ஈக்கா?” என்று தன்னையே ஏலம் கூறியபடி கடைக்கு நடப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை என் முதல் நாலு சீட்டும் நல்ல சரக்கு. நூற்றெண்பது கேட்டேன். லொறிக்காரர் பாஸ். அப்போதுதான் வாடி வாசலால் கண்டேன்: பக்கத்து ஊர் கனமூலையிலிருந்து ஒரு வெள்ளை வேன். என் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் வாப்பாவும் சாச்சாவும் இறங்கி எதிர்க் கடைக்குள் போனார்கள்.

பெண்ணின் தகப்பனைப் பற்றி விசாரிக்கத் தேத்தண்ணிக் கடையை விட்டால் வேறு இடம் ஏது? சீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே வாய் கழுவுகிற குடும்பம் அது. மகளோ, இந்த இடம் இல்லையென்றால் எந்த இடமும் வேண்டாம் என்றிருந்தாள். கேட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. தோற்றால் காதில் சீட்டோடு நானே அவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும்.

நானா என் முகத்தைப் பார்த்தார். தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். கல்யாணப் பேச்சு அவருக்கும் தெரியும். அப்போது வந்ததுதான் அந்த இருநூறு.

“திரும்பவுமா?” என்றேன் பல்லைக் கடித்தபடி. “என்ட கையில ஒரு நாளாவது ஒங்களுக்கு நம்பிக்க வந்தீக்கா?”

“சும்மா ஈங்க தம்பி.”

படுதோல்வி. ஆட்டம் முடிந்ததும், நானா எந்த முதல் நாலு சீட்டைப் பார்த்துக் கேட்டார் என்று லொறிக்காரர் கணக்குப் பார்த்தார். இரண்டு ஏழு, ஒரு எட்டு, ஒரு ராணி. இருநூறு இருக்கட்டும், வாய் திறக்கவே தகுதியில்லாத கை.

“இத வச்சா கேட்டீங்க?”

“மீனப் பாத்தா வெல சொல்ற? ஆளப் பாத்துத்தான்.”

என் நூற்றெண்பதை நான் எடுத்திருப்பேனா? எடுத்திருக்கலாம். அந்த ‘இருக்கலாம்’ மேல் என் மகளை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. நான் வலைக் குவியலுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். கனமூலைக்காரருக்குப் பயந்து பாதி, நானாவின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுப் பாதி.

அவர் தானே ஒரு சீட்டைக் காதில் செருகிக்கொண்டு, அன்று ஏலம் எதுவும் கூறாமல் கடைக்குப் போனார். மாப்பிள்ளையின் வாப்பா அவரிடம் விசாரித்தது என் காதில் விழுந்தது.

“வாடிக்குள்ள ஆரு நானா?”

“நானும் இந்த ஐஸ்காரனுகளும்.”

வலை இடுக்கால் எட்டிப் பார்த்தேன். கடைக்காரர் வழக்கம்போல் நாலு கோப்பை எடுத்து வைத்தார். நானா ஒன்றைத் திருப்பித் தள்ளினார். “மூணு போதும்.”

திரும்பி வந்து, ஐஸ்காரர் இருவருக்கும் கொடுத்தார். மூன்றாவது கோப்பையை வலைக்குப் பின்னால் குனிந்து என் கையில் வைத்துவிட்டு, வெறும் வாயோடு உட்கார்ந்து அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கத் தொடங்கினார்.