வடக்கு வளையத்துக்குப் போட்ட கட்டு

அந்த வருடம் ரங்கூனுக்கு இரண்டு பெருமைகள் வந்து சேர்ந்தன. ஒன்று, ஆசிய இளைஞர் கூடைப்பந்துப் போட்டி. மற்றது, அப்பாசாமி. கூட்டம் அதிகம் அப்பாசாமிக்குத்தான்.

பக்கத்து ஊரான மாவ்பியில் மாட்டுக்கு மந்திரித்துக்கொண்டிருந்த ஆள், ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைக்குக் குடிவந்ததும் வளையக்கட்டுச் சாமி ஆகிவிட்டார். எதிரி அணி பந்து போடும் வளையத்தை மந்திரத்தால் கட்டிவிடுவாராம். பந்து இறங்காதாம். ஜனங்கள் ஆளுக்கொரு கட்டுக்கயிறு வாங்கிக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கூடைப்பந்து ஆட்டத்தை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அதனால் என்ன? சொர்க்கத்தைப் பார்த்துவிட்டா எல்லாரும் வழி சொல்கிறார்கள்?

ஏமாறுவதில் மதபேதமே இல்லை. லான்மடாவ் பேட்டை அரிசிக்கடை அப்துல் பாரி வந்தார். பர்மியர்கள் "சயா, சயா" என்று குருவாகவே கும்பிட்டார்கள். மக்தலேனா காலையில் மாதாகோவிலுக்கும் மாலையில் சாமியிடமும் போனாள். அவள் மகன் பர்னபாஸ் பர்மா அணியில் ஆடுகிறானே!

"கட்டு நிக்கணும்னா உன் மவன் மூணு நாளு பட்டினி கெடக்கணும் தாயே" என்றார் சாமி.

மக்தலேனா சோற்றுப்பானையை மூடி வைத்தாள். அம்மா சொல்லைத் தட்டாத பையன் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தான். பாதி ராத்திரியில் எழுந்து பானையைத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் சாமி சொல்லிவிட்டாரே!

மகள் விக்டோரியா பள்ளிக்கூட அணியில் ஆடுகிறவள். "ஓடுறவனுக்குச் சோறு வேணாமாம்மா?" என்றாள்.

"வாயை மூடுடி. சாமி குத்தம் ஆயிடும்."

இறுதி ஆட்டம். எதிரே பிலிப்பைன்ஸ். அவர்கள் பந்து போட வேண்டியது வடக்கு வளையத்தில்.

"வடக்கு வளையத்தைக் கட்டியாச்சு!" என்று முழங்கினார் சாமி. "ஆட்டம் முடியற வரைக்கும் எமனே வந்தாலும் அவுக்க முடியாது!"

பிலிப்பைன்ஸ் பையன்கள் தவறவிட்டால் சாமியின் மகிமை. போட்டுவிட்டால் கயிறு வாங்காத பாவிகளின் குற்றம். பாவிகள் அவசரமாக வாங்கினார்கள். பர்னபாஸ் மட்டும் ஓட முடியாமல் இரண்டு தடவை முட்டி போட்டு உட்கார்ந்தான்.

பாதி ஆட்டம் முடிந்து விசில் ஒலித்தது.

"சாமி, இனிமே ரெண்டு டீமும் பக்கம் மாறும். நம்ம பையங்க வடக்கு வளையத்துலதான் போடணும்" என்றாள் விக்டோரியா.

சாமி திருதிருவென்று விழித்தார். பக்கம் மாறுகிற விஷயத்தை மந்திரம் அவருக்குச் சொல்லவில்லை.

"ஐயோ, அவுத்து விடுங்க சாமி!" என்று அலறினாள் மக்தலேனா.

"அவுத்துடலாம் தாயே. அதுக்குத் தனிக் கயிறு இருக்கு..."

"எமனாலயே முடியாதுன்னீங்களே?" என்றாள் விக்டோரியா. "எதையும் அவுக்க வேணாம். கட்டு அப்படியே இருக்கட்டும். அண்ணன் அதுலயே போடட்டும். பந்து இறங்கலைன்னா உங்க கால்ல விழறேன். இறங்கினா?"

சாமிக்கு இருமல் வந்துவிட்டது. மக்தலேனா மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மைதானத்தில் சுருண்டு கிடந்த மகனைப் பார்த்தாள். வாசலில் விற்ற வாழைப்பழத்தைச் சீப்போடு வாங்கிக்கொண்டு ஓடி மகனுக்கு உரித்து ஊட்டினாள்.

ஆட்டம் தொடங்கியது. பர்னபாஸ் எறிந்தான். எமனாலும் அவிழ்க்க முடியாத வளையத்தில் பந்து சொளக்கென்று இறங்கியது. இன்னொன்று. அடுத்து இன்னொன்று! அரங்கம் முழுவதும் சாமியைத் திரும்பிப் பார்த்தது. அவர் வாசலை நெருங்கியிருந்தார். அப்துல் பாரி அவர் சால்வையைப் பிடித்து நிறுத்தினார்.

ஜெயித்தோமா என்றா கேட்கிறீர்கள்? இரண்டு புள்ளியில் தோற்றோம். பட்டினி தின்ற முதல் பாதியை வாழைப்பழமா மீட்கும்?

"இந்த ஆளைப் போலீஸ்ல குடுப்போம் தங்கச்சி!" என்றார் அப்துல் பாரி.

"குடுங்க பாய்" என்று அழுதாள் மக்தலேனா. "ஆனா சோத்துப்பானையை மூடினது என் கைதானே? பசிச்ச புள்ளைக்குச் சோறு போடறதுக்கா நான் ஒருத்தன்கிட்ட யோசனை கேட்டேன்?"

அப்துல் பாரி தம் மணிக்கட்டைப் பார்த்தார். "அப்ப இந்தக் கயிறு?"

"அரிசி மூட்டை வாயைக் கட்டுங்க பாய்" என்றாள் விக்டோரியா. "கட்டுறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துக்குங்க. மூட்டைக்குச் செய்யறதை மந்திரத்துக்கும் செஞ்சா என்னவாம்?"