வாட்ச் எழுப்பிய ஊர்

மாமனாரிடம் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்க நினைக்கும் மாப்பிள்ளை பாதி முட்டாள். அதை அவருடைய படகிலேயே வாங்க நினைத்த நான் முழு முட்டாள்.

சென்னையில் எனக்கு மொபைல் ஆப் எழுதும் வேலை. துடுப்பு பிடிக்கத் தெரியாதவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று பழவேற்காட்டு மாமனாருக்கு ஒரு குறை. (வெளியே சொல்லமாட்டார். பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான்.) அவர் வாயால் ஒரு சபாஷ் வாங்கிவிட வேண்டும் என்றே மீனவர்களுக்கு ஒரு ஆப் செய்தேன். போன் பாலிதீன் கவருக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். ஆபத்து என்றால் கையிலுள்ள ஸ்மார்ட் வாட்சைத் தட்டினால் போதும். போனில் மூடிக் கிடக்கும் ஆப் தானாக விழித்து, "ஏரியில் ஆபத்து, உடனே வாங்க" என்று இடத்தோடு ஊருக்கே செய்தி அனுப்பிவிடும். போன் வைத்துக்கொள்ளாத மாமனாரைத் தவிர ஊர்க்காரர்கள் எண்களையெல்லாம் ஏற்றியிருந்தேன். (சோதனைக்கு மனைவியின் எண் மட்டும் போதும் என்பது இப்போது தெரிகிறது.) அனுப்புகிறவர் பெயரைச் சேர்க்கத்தான் மறந்துவிட்டேன்.

ஒரு காலை அவரோடு ஏரிக்குள் போய் வாட்சைத் தட்டினேன். போன் திரை கறுப்பாகவே கிடந்தது. கொசு அடிப்பதுபோல் தட்டித் தீர்த்தேன்.

"எழுந்துக்க மாட்டேங்குதா மாப்ள? பரவால்ல, வுடுங்க," என்றார். அந்தப் பரிவைத்தான் தாங்க முடியவில்லை.

வலையை ஏற்றக் கரைக்குத் திரும்பினோம். அன்று அவருடைய பாடு, அதாவது நல்ல இடத்தில் வலை போட ஊர் முறைவைத்துக் கொடுத்த நாள். விட்டால் அடுத்த முறைக்குக் காத்துக் கிடக்க வேண்டும்.

கரையில் ஆட்கள் படகுகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஏரியில் யாரோ மாட்டிக்கொண்டார்களாம். அப்படிக் காதில் விழுந்தால் யார், எவர் என்று விசாரிக்கிற வழக்கம் அங்கே இல்லை. முதலில் படகு, பிறகுதான் பேச்சு. மாமனார் வலையைக் கரையிலேயே விட்டுவிட்டுப் படகைத் திருப்பினார். நானும் வீரமாகக் குதித்து ஏறினேன்.

முன்னால் போனவர்கள் நின்ற இடம் எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. (ஏரியில் எல்லா இடமும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன்.) சுற்றிச் சுற்றித் தேடியும் யாரையும் காணோம். இன்னும் ஆட்களைக் கூப்பிடலாம், இப்போதாவது எழுந்து தொலையட்டும் என்று வாட்சை ஓங்கித் தட்டினேன்.

சுற்றியிருந்த படகுகளில் எல்லாப் போன்களும் ஒன்றாக ஒலித்தன.

ஆப் முதல் தட்டிலேயே எழுந்திருக்கிறது. திரையில் எதுவும் காட்டாமல் பின்னணியில் வேலை பார் என்று எழுதியவன் நான். அது சொன்னபடி செய்திருக்கிறது. ஏரியில் குதித்துவிடலாமா என்றிருந்தது.

பாடு போயிற்று. மாமனார் கரையேறிய பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை. இன்றும் நான் வீட்டில் இல்லாதபோது யாராவது வந்து மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால், முகத்தை வெகு கவலையாக வைத்துக்கொண்டு அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்.

"படகு எடுத்துக்கினு அவரையே தேடப் போயிருக்காரு."