ஃபாரின் நைனா வைத்த விருந்து

லுங்கியோடு ராயபுரத்தில் உட்கார்ந்தபடியே ஒரு உலகப் போரைத் தடுத்துவிடக் கூடிய ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான் இருந்தார். அதே லுங்கியோடு இன்னொரு போரைத் தொடங்கி வைக்கவும் அவரால் முடியும். டெல்லி பயந்தது அதற்குத்தான்.

எங்கள் எல்லோருக்கும் அவர் ஃபாரின் நைனா. எத்தனையோ ஆட்சிகள் மாறியும் பார்லிமெண்டில் அவர் நாற்காலி மட்டும் மாறவில்லை. வெளிநாட்டு விவகாரங்களைக் கவனிக்கும் கமிட்டியில் பழம் தின்று கொட்டை போட்டவர். எந்த நாட்டோடு கை குலுக்குவது, எந்த நாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று மந்திரிகளே அவரிடம் கேட்டுக்கொண்டு போவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் நான் அவரிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அதிர்ச்சிதான் சம்பளம்.

சேர்ந்த கொஞ்ச நாளில் டெல்லியிலிருந்து கோட்டு சூட்டோடு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் தண்ணி லாரி வந்து நின்றது. யார் வீட்டு வாசலில் லாரி நிற்பது என்று இரண்டு பெண்களுக்குள் சண்டை. குடங்கள் பறந்தன. நைனா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"யோவ் கோட்டு! சும்மா இன்னா பாத்துகினுகீற? அந்தப் பச்சக் கொடத்தப் புடி. தோஸ்து, நீ செவப்பு."

இந்திய அரசாங்கம் என் கண் முன்னால் பிளாஸ்டிக் குடம் பிடித்து நின்றது. 

நைனா தீர்ப்புச் சொன்னார்: "லாரி இன்னிக்கு உன் வூட்டாண்ட. நாளிக்கு அவ வூட்டாண்ட. ரெண்டு பேரும் நான்தான் கெலிச்சேன்னு சொல்லிக்கலாம். போங்க."

சண்டை நின்றது. நைனா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க பேஜாரு இன்னா?" என்று அதிகாரிகளைக் கேட்டார். பேச்சுவார்த்தை நடத்த வேண்டிய இரண்டு நாடுகள், யார் ஊரில் முதலில் உட்காருவது என்று முறைத்துக்கொண்டிருக்கின்றனவாம்.

"இப்பதானே பாத்த? எய்திக்கோ."

கொஞ்ச நாளில் பேப்பரில் செய்தி வந்தது. இரு தலைநகரங்களிலும் மாறி மாறிப் பேச்சு, புதுமையான ராஜதந்திரம் என்று. நான் அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தண்ணி லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது பிலோமினா வந்த பிறகு நடந்ததுதான்.

பிலோமினா காசிமேட்டுக்காரி. புருஷன் அந்தோணி போன போட் எஞ்சின் நின்று, நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு போய், இன்னொரு நாட்டுக் கரையில் ஒதுங்கியது. அந்தோணியையும் கூடப் போனவர்களையும் அங்கே சிறையில் போட்டுவிட்டார்கள். பல மாதம் ஆகியும் ஒரு தகவலும் இல்லை. அவள் வந்து நின்றாள். அழவில்லை.

"நைனா, எந்தெந்த நாட்டுக்கோ பேசிகினுகீற. எங்க வூட்டுக்காரருக்கு எப்ப பேசுவ?"

அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் உடனே டெல்லிக்குப் போன் போட்டார். அந்த நாட்டோடு பெரிய வியாபார ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிறது, இப்போது இதைக் கிளப்பினால் எல்லாம் கெடும், மூச்சுவிடக் கூடாது என்று மந்திரியே கண்டித்துச் சொல்லிவிட்டார்.

"சரிங்க," என்று நைனா போனை வைத்தார். அவர் 'சரிங்க' என்று சொன்னால் ஏதோ விபரீதம் நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

அந்த நாட்டுத் தூதர் ஒப்பந்த வேலையாகச் சென்னைக்கு வந்தார். நைனா அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். தூதரோடு டெல்லி அதிகாரி ஒருவரும் வந்தார். தலைவாழை இலை, சோறு, நண்டுக் குழம்பு. தூதர் முதலில் தயங்கினார். பிறகு டையைத் தோள் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு நண்டு ஓட்டைக் கடித்து உறிஞ்ச ஆரம்பித்தார். இப்படி ஒரு ருசியைப் பார்த்ததே இல்லை, சமைத்தவர் யார் என்று கேட்டார்.

"பிலோமினா, இங்க வாம்மா," என்றார் நைனா. "இவங்கதான். இவங்க வூட்டுக்காரரு உங்க ஜெயில்ல கீறாரு."

மொழிபெயர்க்க வேண்டியது நான். நான் டெல்லி அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன்.

"சொல்லுடா டைப்பிஸ்டு. பாலீஷ் போடாம சொல்லு."

சொன்னேன். தூதரின் கையில் நண்டுக் கால் அப்படியே நின்றது. டெல்லி அதிகாரிக்குப் புரையேறியது. பிலோமினா மட்டும் பதறாமல் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"நல்லா சாப்டுங்க சார். அங்க அவருக்கு இன்னா போடுறாங்க?"

அதையும் மொழிபெயர்த்தேன். தூதர் நண்டுக் காலைக் கீழே வைத்தார். இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கை கழுவிவிட்டு, அவளைப் பார்த்துத் தலை குனிந்து கும்பிட்டுப் போனார்.

கார் தெருமுனை தாண்டுவதற்குள் டெல்லியிலிருந்து போன். மந்திரி கத்தியது வாசல் வரை கேட்டது. அந்த வாரமே நைனா கமிட்டியிலிருந்து தூக்கப்பட்டார்.

மறு மாதம் மீனவர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்தோணி இளைத்துக் கறுத்திருந்தான். நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "தெனம் கஞ்சிதான் நைனா. ஒரு நாளு திடீர்னு பெரிய ஆபீசர் வந்து நண்டு போட்டான். தூக்குல போடப் போறானுங்க, அதான் கடைசியா நல்ல சோறு போடுறானுங்கன்னு எல்லாரும் கட்டிப் புடிச்சி அய்தோம். நண்ட யாருமே தொடல!"

பிலோமினா சிரித்துக்கொண்டே அழுதாள். நைனா சிரித்த சிரிப்பில் லுங்கியே அவிழ்ந்திருக்கும்.

அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு சீட்டுக் கொடுக்கவில்லை. அதை அவர் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான் பக்கத்துத் தெருவில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் சேர்ந்தேன். சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போது எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அது அடிக்கவே இல்லை. உலகத்துக்கே யோசனை சொன்ன மனுஷன் அதன் மேலிருந்த தூசியைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த நாளில்தான் எனக்கு நிஜமாகவே தூக்கிவாரிப் போட்டது.

மறுநாள் ஆபீசிலிருந்து கிளம்பி முனையிலிருந்த எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில், டெல்லியிலிருந்து பேசுகிறோம், ஒரு விஷயத்தில் உங்கள் ஆலோசனை வேண்டும் என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள். எந்த நாட்டை நம்பலாம், எவன் சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பான், எங்கே விட்டுப் பிடிக்க வேண்டும் என்று மூச்சு விடாமல் பொழிந்தார். பூத்காரர் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடைசியில் சொன்னார்: "சரிடா டெல்லி. வரும்போது மெதுவட வாங்கினு வா. சூடா."

வடையோடு போனேன். அந்தப் போனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதற்குப் பிறகு, அவர் இருந்த வரைக்கும், டெல்லி அவரை ஒரு நாள்கூட மறக்கவில்லை.