கமிட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு

கையேட்டுக்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியிருந்தது. ஏறாதா பின்னே? கோப்புகளில் யார் என்ன மாற்றினாலும் பழசைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு மென்பொருள். அதற்கு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கையேடு எழுதியவர் அவர். அதைப் போய் மேலாளர், "கமிட் எது, புஷ் எதுன்னு படிச்சா தலை சுத்துது சார். ஒண்ணும் தெரியாத ஒருத்தருக்குப் புரிய வையுங்க. இல்லேன்னா வேற ஆளை எழுதச் சொல்றேன்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்.

ஒன்றும் தெரியாத ஆளைத் தேடி எங்கே போவது? வீட்டிலேயே மனைவி இருந்தாள். இந்தக் காரணத்தை அவளிடமே சொல்லுமளவுக்கு அவருக்கு வாய்க்கொழுப்பு. அவளோ பல் டாக்டர். வாயைத் திறக்க வைப்பதே அவள் பிழைப்பு.

அவள் கையேட்டைப் புரட்டிவிட்டுக் கீழே வைத்தாள்.

"புரியலை."

"எது புரியலை?"

"எல்லாமே."

"இதைவிட எளிமையா எவன் எழுதுவான்?"

"எழுதினது போதுங்க. செஞ்சு காட்டுங்க."

பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு. மடிக்கணினியில் எடுத்துக்காட்டுப் பக்கத்தைத் திறந்தார். "ஏதாவது ஒரு வரி சொல்லு."

"மச்சான் வீடு மாத்தறான், சனிக்கிழமை சாமான் தூக்க நான் போறேன்."

"உன் தம்பிக்குச் சாமான் தூக்கவா? சனிக்கிழமை ஆபீஸ் இருக்குன்னு எத்தனை தடவை சொல்றது?"

"உதாரணம்தானே. நெசமாவா போகப்போறீங்க?"

அதுவும் சரிதான் என்று அந்த வரியைத் தட்டச்சு செய்தார். "இப்போ கமிட். நான் எழுதினேன்னு என் பேரோட என் கம்ப்யூட்டர்ல பதிவாயிடுச்சு."

"அழிச்சுட்டா?"

"அழிச்சாலும், முன்னாடி இப்படி எழுதினவன் இவன்தான்னு காட்டிக் கொடுத்துடும்." பெருமை தாங்கவில்லை அவருக்கு.

"சரி, புஷ்ஷுன்னா?"

"எல்லாரும் பார்க்கிற இடத்துக்கு அதை அனுப்பறது."

"இங்கதான் குழம்புது. அனுப்பாமலே அனுப்பினேன்னா எப்படிப் புரியும்?"

"இதுகூடவா புரியலை?" ஆத்திரத்தில் புஷ் விசையை ஓங்கித் தட்டினார். அந்த வரி, ஆபீசில் எல்லாரும் பார்க்கிற கையேட்டில் போய் உட்கார்ந்தது.

"இப்பப் புரிஞ்சுது. கமிட் பண்ணா உங்களுக்கு மட்டும் தெரியும். புஷ் பண்ணா ஊருக்கே தெரியும்."

அவர் திருதிருவென்று விழிப்பதற்குள் போன் அடித்தது. மேலாளர். அவள் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"எடுத்துக்காட்டு பார்த்தேன் சார். மச்சான்னு இருக்கே, வீட்ல அவங்களுக்குத்தான் சொல்லிக் காட்டினீங்களா? புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க" என்றாள் அவள்.

"அப்போ வெளியிட்டுடலாம். நீங்க தாராளமா சாமான் தூக்கப் போங்க சார், சனிக்கிழமைதான் நம்ம ஆபீசுக்கு என்னிக்குமே லீவாச்சே."